லான்செஸ்டன் வீட்டுக்கு வாங்கிய கணப்பு அடுப்பு

சிங்கப்பூரின் யீஷூனில் மின்விசிறியை நிறுத்தினாலே வியர்க்கும் வீட்டில் உட்கார்ந்துகொண்டு, விறகு எரித்து வீட்டைச் சூடாக்கும் கணப்பு அடுப்பைப் பற்றி எழுதுகிறேன். என் மகள் ஆஸ்திரேலியாவில் டாஸ்மேனியாவின் லான்செஸ்டனில் இருக்கிறாள். போன ஜூனில் பேரனைப் பார்த்துக்கொள்ளப் போய் மூன்று மாதம் தங்கினேன். அங்கே அதுதான் கடுங்குளிர்காலம். காலையில் கார்க் கண்ணாடியில் பனி உறைந்திருக்கும், சுரண்டித்தான் எடுக்க வேண்டும். பிள்ளைகளை மெல்பர்னுக்கும் ஹோபார்ட்டுக்கும் கிறைஸ்ட்சர்ச்சுக்கும் அனுப்பிவிட்ட பெற்றோர் நம்மில் நிறையப் பேர் உண்டு. அவர்களுக்கு இது உதவும்.

அவர்கள் வாங்கிய பழைய வீட்டிலேயே ஓர் அடுப்பு இருந்தது. ரொம்பப் பெரியது. நன்றாக எரியவிட்டால் அரை மணி நேரத்தில் கூடத்தில் உட்கார முடியாது. அதனால் மாப்பிள்ளை காற்று வரும் வழியை முக்கால்வாசி மூடியே வைத்திருப்பார். விறகு கொழுந்துவிடாது, கனன்று கனன்று புகையும். கண்ணாடிக் கதவு இரண்டே நாளில் கறுத்துவிடும். ஒரு நாள் புகைபோக்கியைச் சுத்தம் செய்ய வந்தவர் குழாயின் உள்பக்கத்தைச் சுரண்டிக் காட்டினார். வெல்லப்பாகு காய்ந்து ஒட்டிக்கொண்ட மாதிரி கறுப்பாக, பளபளவென்று ஒரு படலம். கிரியோசோட் என்றார். எரியாமல் போன புகை குளிர்ந்த குழாயில் பட்டு இப்படிப் படிந்து இறுகுமாம். அது தீப்பிடித்தால் புகைபோக்கியே எரியும். அந்தக் குழாயை ஒட்டிய அறையில்தான் பேரன் தூங்குகிறான். அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

அவனுக்கு மூச்சு இழுப்பும் உண்டு. 2013 ஜூனில் இங்கே காற்று மாசுக் குறியீடான பிஎஸ்ஐ 401 வரை ஏறிய புகைமூட்டத்தை அனுபவித்தவர்களுக்குப் புகை நெஞ்சை என்ன செய்யும் என்று சொல்ல வேண்டியதில்லை. லான்செஸ்டன் ஒரு பள்ளத்தாக்கு ஊர். குளிர்கால இரவில் குளிர்ந்த காற்று கீழே தங்கிவிடும், மேலே இருக்கும் வெதுவெதுப்பான காற்று மூடிபோல் அமர்ந்துகொள்ளும், புகை வெளியேறாது. 2001இல் அந்த ஊரில் 100 வீடுகளுக்கு 66இல் விறகுக் கணப்பு இருந்தது. மாற்றிக்கொள்ள உதவித்தொகை கொடுத்து 2004க்குள் அதை 30 ஆக்கினார்கள். ஆகவே அடுப்பே வேண்டாம், அறையைச் சூடாக்கும் மின்சார ஹீட் பம்ப் போதும் என்றுதான் நான் முதலில் சொன்னேன். மகள் கேட்கவில்லை. குளிர்காய நெருப்பு வேண்டும் என்றாள். சரி, வாங்குவதென்றால் ஒழுங்காகப் பார்த்து வாங்குவோம் என்று கிளம்பினோம்.

முதல் கடையில் 250 சதுர மீட்டரைச் சூடாக்கும் அடுப்பைக் காட்டினார்கள். "பெரிசா வாங்கிட்டா தேவையானப்ப குறைச்சு எரிச்சுக்கலாம்ல அம்மா?" என்றாள் மகள். அப்படிக் குறைத்து எரித்ததால்தானே அந்தக் குழாய்க்கு அந்தக் கதி என்றேன். கூடமும் சமையலறையும் சேர்ந்து 7க்கு 6 மீட்டர், உயரம் 2.4. சுமார் 100 கன மீட்டர். கூரைக்குள் வெப்பம் காக்கும் பஞ்சு போட்ட வீட்டுக்கு 14 கன மீட்டருக்கு ஒரு கிலோவாட் என்று ஒரு தோராயக் கணக்கு உண்டு. அப்படிப் பார்த்தால் 7 கிலோவாட் போதும். அந்த அளவில் ஒரு வார்ப்பிரும்பு அடுப்பை வேறொரு கடையில் எடுத்தோம். வார்ப்பிரும்பு மெல்லச் சூடாகி, தீ அணைந்த பிறகும் நெடுநேரம் சூட்டை வைத்திருக்கும். பகல் முழுக்க வீட்டில் ஆள் இருப்பதால் எங்களுக்கு அது தோது. வேலை முடிந்து மாலையில் மட்டும் மூட்டுகிறவர்கள் எஃகு அடுப்பு வாங்கட்டும், சீக்கிரம் சூடாகும்.

அடுப்பின் பின்பக்கத் தகட்டைக் கட்டாயம் படியுங்கள். 2019இலிருந்து அங்குள்ள தரநிலை, ஒரு கிலோ விறகுக்கு 1.5 கிராமுக்கு மேல் புகைத்துகள் வரக் கூடாது, எரிதிறன் 60 சதவீதமாவது இருக்க வேண்டும் என்கிறது. குழாயிலும் கஞ்சத்தனம் கூடாது. அடுப்பு நிற்கும் தளத்திலிருந்து குறைந்தது 4.6 மீட்டர் உயர வேண்டும். குட்டையாக இருந்தால் புகையைச் சரியாக இழுக்காது.

அந்தக் காலத்தில் இங்கே கடற்படைத் தளக் குடியிருப்பான நேவல் பேஸ் குவார்ட்டர்ஸில் என் அம்மா கீழே சுள்ளியை வைத்துப் பற்றவைத்து, ஊதுகுழலால் ஊதிக் கண் சிவந்து போவார். இந்தக் கணப்பில் எல்லாம் தலைகீழ். அடியில் தடித்த விறகு இரண்டு, அதன்மேல் மெல்லியவை, உச்சியில் சுள்ளி, தீக்குச்சி அங்கேதான். நெருப்பு மேலிருந்து கீழே இறங்கும். பதினைந்து நிமிடத்தில் அடுப்புக்குள் இருக்கும் மேல் வரிசைத் துளைகளிலிருந்து வரும் சூடான காற்றில் புகையே பற்றிக்கொள்ளும். விறகைத் தொடாமல் அந்தரத்தில் தீ மெல்ல ஆடும். முதல் நாள் நான் சால்வையைப் போர்த்திக்கொண்டு வெளியே போய்க் கூரையைப் பார்த்தேன். குழாய் வாயில் கானல் மாதிரி ஓர் அசைவு, அவ்வளவுதான். புகை இல்லை.

குறைகளும் உண்டு. 30 சென்டிமீட்டருக்கு மேல் நீளமான விறகு உள்ளே போகாது, அறுத்துக் கொடுக்கச் சொல்ல வேண்டும். கைப்பிடி கொதிக்கிறது, தடித்த கையுறை இல்லாமல் கதவைத் திறக்க முடியாது. இரவு பத்துக்குப் போட்ட விறகு மூன்று மணிக்குள் கங்காகிவிடுகிறது. ஐந்து மணிக்கு எழும்போது வீடு குளிர்ந்துதான் இருக்கும். சாம்பலைக் கிளறினால் தணல் கிடைக்கும், அதை வைத்து மூட்டிவிடலாம். பொருத்துக்கூலியோடு 4,500 ஆஸ்திரேலிய வெள்ளி ஆனது. எனக்கு அது கொடுக்க வேண்டிய விலைதான். கார்பன் மோனாக்சைடு என்ற நச்சுவாயு கசிந்தால் எச்சரிக்கும் அலாரத்துக்கும் தனியாகப் பணம் எடுத்து வையுங்கள்.

அடுப்பு எவ்வளவு நல்லதானாலும் விறகு ஈரமாக இருந்தால் வீண். காய்ந்தது என்று சொல்லி ஒருவர் ஒரு டன் யூகலிப்டஸ் இறக்கிவிட்டுப் போனார். மாப்பிள்ளை ஒரு கட்டையைப் பிளந்து, புதிதாகப் பிளந்த முகத்தில் ஈரமானியைக் குத்தினார். 31 சதவீதம். 20க்குக் கீழே இருக்க வேண்டும். "இந்த வருஷம் இதைத் தொட வேண்டாம் அத்தை" என்று மொத்தத்தையும் சின்னச் சின்னதாகப் பிளந்து, வேலியோரம் வெயில் படும் இடத்தில், காற்றுப் புக இடைவெளி விட்டு அடுக்கினார். மேலே மட்டும் தகரம். நேற்று அந்த அடுக்கிலிருந்து ஒன்றைப் பிளந்து படம் எடுத்து அனுப்பியிருந்தார். 18 காட்டுகிறது.