விற்றமின் டி சோதனை: ஊசி அருமை, ரிப்போர்ட் ஆமை

மார்கழி மழையோடு வந்த தடிமனும் இருமலும் மூன்று கிழமையாக விடவில்லை. வீடு உப்புவெளிக் கடற்கரைப் பக்கம். வெயில் பட்டால் உடம்பே விற்றமின் டியைச் செய்துகொள்ளும், இங்கே வெயிலுக்கு என்ன குறை என்று நினைத்திருந்தேன். ஆனால் பகல் முழுக்க நான் இருப்பது ஏசி அறைக்குள். சரி, விற்றமின் டி அளவைப் பார்த்துவிடுவோம் என்று திருகோணமலை நகரில் ஒரு தனியார் ஆய்வுகூடத்துக்குப் போனேன்.

இரத்தம் எடுத்த தங்கச்சிக்குக் கை பஞ்சு மாதிரி, குத்தியதே தெரியவில்லை. குறை ரிப்போர்ட்டில்தான். மாதிரி கொழும்புக்குப் போகிறதாம். மூன்று நாள் என்றவர்கள் ஏழாம் நாள் தந்தார்கள். மில்லிலீற்றருக்கு 14 நனோகிராம். 20க்குக் கீழே போனால் குறைபாடு.

கவுண்டரில் இருந்தவர், "இதாலதான் அண்ணா இருமல் விடேல்ல" என்று பெரிய டோஸ் மாத்திரைப் பெட்டியை நீட்டினார். அதுதான் பிடிக்கவில்லை. அளவு குறைந்தவர்களுக்குச் சுவாச நோய் கடுமையாவதைப் பல ஆய்வுகள் கண்டது உண்மை. ஆனால் ஏற்கெனவே உடம்பு முடியாதவர் வெயிலில் நிற்பதும் குறைவுதானே, எதனால் எது வந்தது? பிரேசிலில் கொவிட்டோடு ஆஸ்பத்திரியில் இருந்த 240 பேரில் பாதிப் பேருக்கு ஒரே தடவையில் 2 இலட்சம் அலகு விற்றமின் டி கொடுத்தும், வீடு திரும்பும் நாள் முந்தவில்லை. 2021இல் வந்த முடிவு அது.

பெட்டியை வாங்காமல் டொக்டரிடம் போனேன். தினமும் ஒரு சிறிய மாத்திரை எழுதினார். சோதனைக்கு மட்டும் என்றால் திரும்பவும் அங்கேதான் போவேன், அந்தத் தங்கச்சி வேலையில் இருக்கிற நாளாகப் பார்த்து.