ஜாவா 7 பில்லிங்கில் டிஎல்எஸ் கோளாறு: ஜாவாவை மாற்றலாமா, ப்ராக்ஸி வைக்கலாமா?

ராணிப்பேட்டை தோல் கம்பெனிகளுக்கும் ஆம்பூர் ஷூ கம்பெனிகளுக்கும் மென்பொருள் பார்த்துக்கொள்பவர்களுக்கு இது பழகிய புகார்: நேற்றுவரை வெளி சர்வருக்குப் போன இன்வாய்ஸ் இன்று போகவில்லை. உள்ளே திறந்து பார்த்தால் ஜாவா 7 இருக்கும். எழுதியவர் வேலூரை விட்டு எப்போதோ பெங்களூருக்குப் போயிருப்பார். சோர்ஸ் கோடு யாரிடம் என்று யாருக்கும் தெரியாது.

முதலில் பிழைச் செய்தியை நிதானமாகப் படியுங்கள். 'ஹேண்ட்ஷேக் ஃபெயிலியர்', 'புரோட்டோகால் வெர்ஷன்' என்று வந்தால் பெரும்பாலும் டிஎல்எஸ் (இணைப்பைப் பூட்டிப் பாதுகாக்கும் முறை) பதிப்புத் தகராறு. 1999இல் வந்த 1.0, 2006இல் வந்த 1.1 இரண்டும் 2021 மார்ச்சில் முறைப்படி கைவிடப்பட்டன. சர்வர்கள் கதவைச் சாத்திவிட்டன. ஜாவா 7க்கு 1.2 தெரியும், ஆனால் கிளையன்ட் பக்கத்தில் இயல்பாக அணைந்திருக்கும். ஜாவாவின் சொந்த ஹெச்டிடிபிஎஸ் இணைப்பைப் பயன்படுத்தும் நிரல் என்றால், அதைத் தொடங்கும் கட்டளை வரியில் 'ஹெச்டிடிபிஎஸ் புரோட்டோகால்ஸ்' (https.protocols) பண்பை TLSv1.2 என்று வைத்தாலே வேலை முடிந்துவிடலாம்.

'பாத் பில்டிங் ஃபெயில்ட்' என்றால் அது வேறு நோய். சர்வரின் சான்றிதழுக்குச் சாட்சி சொல்லும், நம்ப வேண்டிய ரூட் சான்றிதழ் ஜாவாவிடம் இல்லை. பல சர்வர்களுக்குச் சான்றிதழ் தரும் லெட்ஸ் என்கிரிப்ட் அமைப்பின் சான்றிதழ்களைத் தாங்கிய பழைய ரூட் 2021 செப்டம்பர் 30இல் காலாவதியானது. அதன் புதிய ரூட் ஜாவா 7இல் 151ஆவது அப்டேட்டிலிருந்துதான் உண்டு. இலவசமாகக் கிடைத்ததோ 80ஆவது அப்டேட் வரைதான். அந்த ரூட்டை மட்டும் ஜாவாவோடு வரும் கீடூல் கருவி வழியாகச் சேர்த்தால் சரியாகிவிடும். அப்புறம், கணினியின் தேதியையும் பாருங்கள். மதர்போர்டு பேட்டரி தீர்ந்த பழைய பெட்டியில் கரண்ட் போய் வந்தால் தேதி பல வருடம் பின்னால் போய், நல்ல சான்றிதழையும் ஜாவா மறுக்கும்.

இதிலெல்லாம் தீரவில்லை என்றால்தான் ஜாவா 8ஆ, ப்ராக்ஸியா (நடுவில் நின்று இணைப்பைக் கடத்தும் நிரல்) என்ற போட்டி. சான்றிதழ் சரிபார்ப்பையே அணைத்துவிடும் மூன்றாவது வழியை நான் இதில் சேர்க்கவே மாட்டேன். எதிரே இருப்பவர் யார் என்று பார்க்காமல் பாஸ்வேர்டைக் கொடுப்பது அது.

ஜாவா 8க்கு மாறினால் 1.2 இயல்பாகவே வரும். பெரும்பாலான பழைய ஜார் கோப்புகள் (ஜாவா நிரல் இருக்கும் கோப்புகள்) மறுபடி கம்பைல் செய்யாமலே ஓடும். ஆனால் மைக்ரோசாஃப்ட் ஆக்சஸ் டேட்டாபேஸில் ஸ்டாக் வைத்திருக்கும் கம்பெனியில் கவனம் தேவை. அதோடு பேச உதவிய ஜேடிபிசி-ஓடிபிசி பாலத்தை ஜாவா 8இல் எடுத்துவிட்டார்கள். இணைப்பு சரியாகும், ஸ்டாக் திறக்காது. ஏற்றுமதி லோடு கிளம்ப வேண்டிய நாளில் இதைக் கண்டுபிடிக்கக் கூடாது. வேறொரு கணினியில் ஒரு நகலை வைத்து ஓட்டிப் பார்த்த பிறகே மாற்றுங்கள்.

ப்ராக்ஸி வழியில் மென்பொருளை யாரும் தொடுவதில்லை. அது அதே கணினியில் உள்ள ஸ்டன்னல் என்ற ப்ராக்ஸி நிரலோடு பூட்டு இல்லாமல் சாதாரணமாகப் பேசும். ஸ்டன்னல் வெளியே 1.2இலோ 1.3இலோ பேசும். சர்வர் முகவரி செட்டிங் கோப்பில் இருந்தால் மாற்றுவது எளிது. கோடுக்குள்ளேயே எழுதியிருந்தால் இந்த வழி சிக்கல்தான். எந்த சர்வரைத் தேடுகிறோம் என்று சொல்லும் ஹோஸ்ட் ஹெடரில் உள்ளூர் முகவரி போவதால் சில சர்வர்கள் மறுக்கும். அங்கே ஹெடரை மாற்றித்தரும் என்ஜின்எக்ஸ் (nginx) என்ற இன்னொரு ப்ராக்ஸி நல்லது. ப்ராக்ஸியை ஆபீஸின் இன்னொரு கணினியில் வைக்காதீர்கள். நடுவில் உள்ள கேபிளில் எல்லாம் வெறும் எழுத்தாகப் போகும்.

பலர் கவனிக்காத இடம் ஒன்று உண்டு. ஸ்டன்னலும் சரி, என்ஜின்எக்ஸும் சரி, எதிர் சர்வரின் சான்றிதழை இயல்பாகச் சரிபார்ப்பதில்லை. அப்படியே விட்டால் நாம் ஒதுக்கிவைத்த அந்த மூன்றாவது வழியேதான், வேறு உடையில்.

என் தேர்வு: ஆக்சஸ் இல்லாத இடத்தில் ஜாவா 8. ஆக்சஸ் இருந்தால், அல்லது சீசன் உச்சத்தில் இருந்தால், இப்போதைக்கு ஸ்டன்னல், டேட்டாவை ஆக்சஸிலிருந்து மாற்ற ஒரு தேதியும் குறித்துக்கொண்டு. ஸ்டன்னலில் 'வெரிஃபை செயின்', 'செக் ஹோஸ்ட்' இரண்டையும் போட்டு, ரூட் கோப்பையும் காட்டுங்கள். பிறகு 'செக் ஹோஸ்ட்'டில் வேண்டுமென்றே தவறான பெயரைக் கொடுத்து ஒருமுறை இணையுங்கள். அப்போதும் இன்வாய்ஸ் போனால், சரிபார்ப்பு நடக்கவில்லை.