பழைய 303 துவக்கும் எம்4 கார்பைனும்
இலங்கையின் மலைநாட்டுப் படைமுகாம் ஊரான தியத்தலாவைப் பக்கத்துப் பழைய படையினருக்கு, 303 துவக்கான லீ என்ஃபீல்ட் நம்பர் 4 மேல் இருக்கும் பற்று நியாயமானதுதான். 4.1 கிலோ எடை என்பதால் உதை தாங்கக்கூடியது. மகசினில் பத்து ரவை (தோட்டா), ஐந்தைந்தாகக் கிளிப்பில் தள்ளலாம். ஆனால் மேல் ரவையின் அடிவிளிம்பு கீழ் ரவையின் அடிவிளிம்புக்குப் பின்னால் விழுந்தால், ரவையை உள்ளே தள்ளும் போல்ட் இறுகிவிடும். நிரப்பும்போதே பார்க்க வேண்டும். மலைநாட்டுப் பனியில் துவக்கின் மரப்பாகம் ஊறிக் குழாயை அழுத்தும், குறி விலகும். ஆளிவிதை எண்ணெய் பூசாமல் வைக்கவே கூடாது. பழைய ரவை விட்டுச்செல்லும் உப்புக்கு எண்ணெய் போதாது; குழாய்க்குள் கொதிநீர் ஊற்றிக் கழுவ வேண்டும், இல்லையேல் துருதான்.

அமெரிக்காவின் எம்4 கார்பைன், அதாவது குட்டைக்குழாய்த் துவக்கு, சுமார் 3 கிலோ, 30 ரவை. தேயிலைச் சரிவில் தூக்கி ஏற அதுவே சுகம். 14.5 அங்குலக் குழாயில் ரவையின் வேகம் குறையும். வாயு நேரே போல்ட்டுக்கு வருவதால் கரி படியும், எண்ணெய் தாராளமாக வேண்டும். கிட்டத்துக்குக் கார்பைன், பள்ளத்தாக்கைத் தாண்டிய குறிக்கு 303.