ஒரு காம்பாரி பாட்டில்: நெக்ரோனியா, ஜங்கிள் பேர்டா?

இத்தாலியின் கசப்பான சிவப்பு மது காம்பாரி. வீட்டுக்கு அதை வாங்குகிறவர்கள் பெரும்பாலும் நெக்ரோனி என்ற காக்டெயிலுக்காகத்தான் வாங்குகிறார்கள். நானும் அப்படித்தான் வாங்கினேன். இப்போது அந்தப் பாட்டில் எங்கள் வீட்டில் ஜங்கிள் பேர்டு என்ற இன்னொரு காக்டெயிலுக்குத்தான் அதிகம் செலவாகிறது.

நெக்ரோனி பற்றி நிறையச் சொல்ல வேண்டியதில்லை. ஜின், காம்பாரி, இனிப்பு வெர்மூத் (மூலிகை சேர்த்த ஒயின்) மூன்றும் தலா 30 மி.லி. ஐஸ் நிறையப் போட்டுக் கலக்கி, மேலே ஒரு துண்டு ஆரஞ்சு. 1919 வாக்கில் ஃபுளோரன்ஸில் நெக்ரோனி பிரபு தன் அமெரிக்கானோவில் (காம்பாரி, வெர்மூத், சோடா கலந்த பானம்) சோடாவுக்குப் பதில் ஜின் ஊற்றச் சொன்னார் என்பது வழிவழியாக வரும் கதை. அளந்து ஊற்றத் தெரிந்தால் போதும், யார் செய்தாலும் சரியாக வரும்.

ஜங்கிள் பேர்டு பிறந்தது கோலாலம்பூரில். 1970களில் அங்கே ஹில்டன் ஹோட்டலின் ஏவியரி பாரில் ஜெஃப்ரி ஓங் உருவாக்கியது. பல காலம் அதிகம் பேர் அறியாமல் கிடந்தது. 2010 வாக்கில் நியூயார்க்கில் ஜுசெப்பே கொன்சாலஸ் என்ற பார்டெண்டர் அன்னாசிச் சாற்றை வெகுவாகக் குறைத்து, கரிய பிளாக்ஸ்டிராப் ரம்மை ஊற்றிக் கொடுத்த பிறகுதான் பரவலாகத் தெரிந்தது. நான் அவருடைய அளவையே பின்பற்றுகிறேன்: டார்க் ரம் 45 மி.லி., காம்பாரி 22, அன்னாசிச் சாறு 45, எலுமிச்சைச் சாறு 15, சர்க்கரைப் பாகு 15. சர்க்கரையும் தண்ணீரும் சம அளவில் கரைந்தால் போதும், கம்பிப் பதமெல்லாம் வேண்டாம். ஷேக்கர் இல்லாவிட்டால் இறுக்கமான திருகு மூடி போட்ட ஜாடியில் ஐஸோடு வேகமாகக் குலுக்கலாம். புது அன்னாசியை மிக்ஸியில் அடித்து வடிகட்டிச் சேர்த்தால் மேலே வெண்ணுரை கட்டும். காம்பாரியின் கசப்பு அந்தப் புளிப்புக்கும் இனிப்புக்கும் நடுவே வந்து உட்காரும்போது வருகிற ருசிக்காகவே இதைச் செய்யலாம்.

ஆனால் என்னை மாற்றியது ருசி மட்டுமல்ல, வெர்மூத். ஜின்னையோ ரம்மையோ திறந்து அலமாரியில் வைத்தால் மாதக்கணக்கில் கிடக்கும். காம்பாரியும் அப்படித்தான், அதிலுள்ள ஆல்கஹாலும் சர்க்கரையும் அதைக் காக்கும். வெர்மூத் அடிப்படையில் ஒயின். ஆல்கஹால் கொஞ்சம் கூட்டியிருந்தாலும், மூடியைத் திறந்ததும் காற்று பட்டு மூலிகை வாசம் மங்கத் தொடங்கும். ஃபிரிட்ஜில் வைத்தாலே ஒன்றிரண்டு மாதம்தான் நன்றாக இருக்கும், வெளியே வைத்தால் அதுவும் இல்லை. 750 மி.லி. பாட்டிலில் 25 நெக்ரோனி வரும். வாரக் கடைசியில் இரண்டு கிளாஸ் என்று வைத்துக்கொண்டால் பாட்டில் காலியாக மூன்று மாதம் ஆகும். கடைசி மாதத்தில் கிளாஸில் விழுவது சோர்ந்துபோன ஒயின். பழைய வெர்மூத்தில் செய்த நெக்ரோனியைக் குடித்துவிட்டு, "இது எனக்குச் சரிப்படாது" என்று ஒதுக்கியவர்களைப் பார்த்திருக்கிறேன், பாவமாக இருக்கும். அரை பாட்டில் வெர்மூத் கிடைக்கிற ஊர்க்காரர்களுக்கு இந்தக் கவலை பாதி குறையும்.

ஜங்கிள் பேர்டில் கெட்டுப்போகிற பொருள்கள் எல்லாம் காய்கறிக் கடையில் கிடைப்பவை. மிஞ்சிய அன்னாசிச் சாற்றை ஐஸ் தட்டில் ஊற்றி ஃபிரீசரில் வைத்துவிடலாம். எலுமிச்சையை மட்டும் அவ்வப்போதே பிழிய வேண்டும். காம்பாரியும் கிளாஸுக்கு 8 மி.லி. மிச்சம், ஒரு பாட்டிலில் 30க்கு மேல் வரும்.

ரம் விஷயத்தில் என் அனுபவம் குறுகியது. ஓல்ட் மாங்கில்தான் செய்கிறேன். அதற்கே வனிலா வாசமும் இனிப்பும் உண்டு என்பதால் பாகை 10 மி.லி. ஆக்கிக்கொள்வேன். பிளாக்ஸ்டிராப்பை ஒரு நண்பர் வீட்டில் ருசித்ததோடு சரி, அதை வைத்து எது மேல் என்று சொல்ல மாட்டேன்.

நாலைந்து பேருக்கு விருந்து என்றால் நெக்ரோனிக்குத்தான் என் ஓட்டு. மூன்றையும் முன்கூட்டியே ஒரு பாட்டிலில் கலந்து குளிரவைத்துவிடலாம், வெர்மூத்தும் சீக்கிரம் தீரும். ஜங்கிள் பேர்டை ஒவ்வொரு கிளாஸாகக் குலுக்க வேண்டும். ஜூஸ் மாதிரி இறங்குகிறதே என்று அதை வேகமாகக் குடிக்கவும் கூடாது. கணக்குப் போட்டால் நெக்ரோனியோ ஜங்கிள் பேர்டோ, ஒரு கிளாஸில் சுத்த ஆல்கஹால் ஏறத்தாழ 25 மி.லி. இருக்கும்.