நன்னீர்ப் பேத்தை என்று சொல்லி விற்கப்பட்ட நான்கு மீன்கள்

தென்னாப்பிரிக்காவின் டர்பனிலும் சுற்றுப்புறத்திலும் வீட்டில் மீன்தொட்டி வைக்க நினைக்கும் நம்மவர்கள், குறிப்பாகப் பிள்ளைகள் கேட்டார்கள் என்பதற்காகப் பந்துபோல் உப்பும் பேத்தை மீன் வாங்கப் புறப்படுபவர்கள், பணத்தைக் கொடுப்பதற்கு முன் இதைப் படித்துவிடுவது நல்லது. 2023 ஜூலை மாதம், நகரின் வடக்கே உள்ள ஒரு வணிக வளாகத்தின் செல்லப்பிராணிக் கடையில், ‘நன்னீர்க் குள்ளப் பேத்தை’ என்று பொருள்படும் ஆங்கிலச் சீட்டு ஒட்டியிருந்த தொட்டியிலிருந்து, ஒன்று 180 ரேண்ட் வீதம் நான்கு மீன்களை வாங்கினேன். 54 லிட்டர் கண்ணாடித் தொட்டி, வடிகட்டி, நீரைச் சூடாக்கும் கருவி, துணைக்கு ஆறு கப்பி மீன்கள், ஒரு டப்பா செதில் தீனி எல்லாம் சேர்த்து அன்றைக்கு 3,460 ரேண்ட் ஆயிற்று. ஐந்து வாரத்துக்குள் பேத்தைகளில் மூன்று செத்துவிட்டன. கப்பிகளில் ஒன்றுகூட மிஞ்சவில்லை. உயிர் பிழைத்த அந்த ஒற்றைப் பேத்தை குள்ளமும் அல்ல, நன்னீர் மீனும் அல்ல.

மீனைப் பற்றி ஒன்றும் தெரியாத குடும்பம் அல்ல எங்களுடையது என்பதுதான் இதில் வெட்கமான செய்தி. என் தாத்தா துறைமுகத்து முகப்பில் கரைவலை இழுத்தவர். வலையில் வரும் பேத்தையை, இங்கே எல்லாரும் ப்ளாசொப் என்று சொல்லும் அந்த மீனை, அவர் மணலில் எறிந்துவிடுவார். ஈரலிலும் சினையிலும் தோலிலும் நஞ்சு இருக்கிறது, தொட்டால் கையைக் கழுவு என்று ஆயா எங்களை அதட்டிய குரல் இன்னும் காதில் இருக்கிறது. ஆனால் கடல் பேத்தையைத் தெரிந்து வைத்திருப்பதற்கும் தொட்டிப் பேத்தையைத் தெரிந்து வைத்திருப்பதற்கும் தொடர்பே இல்லை என்பதை நான் பிறகுதான் கற்றுக்கொண்டேன்.

கடையில் எங்களைக் கவனித்தவர் நம்மவர். பேச்சு முழுவதும் ஆங்கிலத்தில் நடந்தது என்றாலும் ‘அண்ணா’ என்ற சொல் மட்டும் தமிழில் வந்தது. எந்தக் கோயில், எந்த ஊர் என்று விசாரித்துவிட்டு, என் அத்தை மகன் ஒருவரைத் தனக்குத் தெரியும் என்றும் சொன்னார். “அண்ணா, இது கட்டைவிரல் அளவைத் தாண்டாது. குழாய்த் தண்ணீரில் குளோரின் போக்கும் மருந்தை இரண்டு சொட்டு விட்டால் போதும், இன்றைக்கே கொண்டுபோய் விட்டுவிடலாம்” என்றார். என் பத்து வயது மகள் அது பந்துபோல் ஊதுமா என்று கேட்டதும், அங்கே வேலை செய்த பையன் ஒருவன் வலையால் ஒரு மீனை வெளியே தூக்கிப் பிடித்து, அது உப்பிக் காட்டும் வரை காற்றிலேயே வைத்திருந்தான். மகள் கை தட்டினாள். நானும் சிரித்துக்கொண்டுதான் நின்றேன், அதை மறைப்பதற்கில்லை.

அந்த மீன்தான் முதலில் செத்தது. பேத்தை உப்புவது விளையாட்டு அல்ல, உயிர் போகிறது என்ற அச்சத்தில் செய்வது. நீருக்குள் உப்பினால் அது நீரை விழுங்குகிறது, பிறகு வெளியே விட்டுவிடுகிறது. நீருக்கு வெளியே உப்பினால் விழுங்குவது காற்று, அதைத் திரும்ப வெளியேற்ற அதனால் பல சமயம் முடிவதில்லை. வீட்டுக்கு வந்ததிலிருந்து அந்த மீன் வயிறு மேலாக நீர்மட்டத்தில் மிதந்தது. பயணக் களைப்பு என்று நினைத்து விட்டுவிட்டேன். அதை நீருக்குள்ளேயே தலை மேலாகப் பிடித்து மெல்ல அசைத்திருந்தால் காற்று வெளியேறியிருக்கக்கூடும் என்பது அப்போது எனக்குத் தெரியாது. பேத்தையை வலையால் அள்ளுகிற கடை எதுவானாலும், ஒரு குவளையில் நீரோடு சேர்த்து அள்ளித் தரச் சொல்லுங்கள். மறுத்தால் அங்கே வாங்காதீர்கள்.

கப்பிகளின் கதை மூன்று நாளில் முடிந்தது. முதலில் வால்கள் போயின, பிறகு கப்பிகளே போயின. பேத்தையின் வாயில் நான்கு பற்கள் ஒன்றாக இறுகி அலகு போல இருக்கும். டெட்ராடான் என்ற அதன் பழைய பெயருக்கே நான்கு பல் என்றுதான் பொருள். நத்தை ஓட்டை நொறுக்குவதற்கென்று அமைந்த அந்தப் பற்கள் வாழ்நாள் முழுவதும் வளர்ந்துகொண்டே இருப்பதால், கடிக்கக் கடினமான இரை கிடைக்காவிட்டால் வாயைத் திறக்க முடியாத அளவுக்கு நீண்டு மீன் பட்டினியில் சாகும். அப்படிப்பட்ட மீனுக்குத் துணையாக நீள வால் கப்பியையும், உணவாகச் செதில் தீனியையும் விற்றவர், ஒன்று தொழில் தெரியாதவர், அல்லது நன்றாகத் தெரிந்தவர். செதில் தீனியைப் பேத்தைகள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அது அடியில் படிந்து அழுகியது.

இந்த அழுகல்தான் அடுத்த இழப்புக்கு வழி செய்தது. புதுத் தொட்டியில் நீர் கண்ணுக்குத் தெளிவாக இருந்தாலும் அது மீன் வாழத் தயாரான நீர் அல்ல. மீன்கள் செவுள் வழியாக அம்மோனியாவை வெளியிடுகின்றன. அதை நைட்ரைட்டாகவும், நைட்ரைட்டைத் தீங்கு குறைந்த நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியாக்கள் வடிகட்டியில் குடியேறிப் பெருக நான்கு முதல் ஆறு வாரம் பிடிக்கும். அதுவரை காத்திருக்கச் சொல்ல வேண்டிய கடை, தொட்டியையும் மீனையும் ஒரே வண்டியில் ஏற்றி அனுப்பியது. பத்தாம் நாள் மீன்கள் மூலையில் ஒடுங்கி, வெள்ளையாக இருக்க வேண்டிய வயிறு கரிய சாம்பல் நிறமாகிக் கிடந்தபோது, சொட்டுகளால் சோதிக்கும் பெட்டி ஒன்றை வேறு கடையில் வாங்கிப் பார்த்தேன். அம்மோனியா சுழியமாக இருக்க வேண்டும். என் சோதனைக் குழாயில் மஞ்சள் வர வேண்டிய இடத்தில் அடர்பச்சை வந்தது. அன்று முதல் தினமும் மூன்றில் ஒரு பங்கு நீரை மாற்றினேன்; சோதித்த அளவுகளையும் மின்வெட்டு நேரங்களையும் ஒரு பள்ளி நோட்டில் எழுதி வைத்தேன். அந்த நோட்டு பிறகு கைகொடுத்தது.

மூன்றாவது வாரம் ஒரு மீனின் மேல் உப்புத் தூவியது போல வெள்ளைப் புள்ளிகள் தோன்றியதும், மறுபடி அதே கடைக்குப் போனது என் மடமை. அதே மனிதர் நீலநிற மருந்து ஒன்றை எடுத்துத் தந்து, புட்டியில் போட்டிருக்கும் முழு அளவையும் ஊற்றச் சொன்னார். அது செம்பு கலந்த மருந்து. பேத்தைக்குச் செதில் கிடையாது; மற்ற மீன்கள் தாங்கும் செம்பை அது தாங்காது. இதைப் புட்டியின் பின்புறத்தில் மிகச் சிறிய எழுத்தில் தயாரிப்பாளரே எச்சரித்திருந்ததை, மறுநாள் காலையில் இரண்டு மீன்களை வெளியே எடுத்த பிறகு உருப்பெருக்கி வைத்துப் படித்தேன்.

மிஞ்சிய ஒன்றைக் காப்பாற்றவாவது அது என்ன மீன் என்று சரியாகத் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. உண்மையான குள்ளப் பேத்தை கேரளத்தின் பம்பை போன்ற ஆறுகளுக்கு உரியது. 1941இல் அதை அறிவியலுக்கு அறிமுகப்படுத்திய மீன் ஆய்வாளர்கள் ஹோராவும் நாயரும் அதற்குத் திருவிதாங்கூரின் பெயரையே வைத்தார்கள். முழுதாக வளர்ந்தாலும் மூன்றரை சென்டிமீட்டருக்குள் அடங்கிவிடும். மஞ்சள் கலந்த பச்சை உடம்பில் ஒழுங்கற்ற கருந்திட்டுகள் இருக்கும். வாழ்நாள் முழுவதும் நன்னீரில் இருக்கக்கூடியது. என்னிடம் இருந்ததோ முதுகில் பளிச்சென்ற பச்சையும், அதன்மேல் அச்சில் வார்த்தது போன்ற வட்டமான கரும்புள்ளிகளும், வெண்ணிற வயிறும் கொண்டது. அது பச்சைப்புள்ளிப் பேத்தையின் குட்டி. இலங்கையிலிருந்து இந்தோனேசியா வரை கழிமுகங்களிலும் அலையாத்திக் காடுகளிலும் வாழும் இந்த இனம் 15 சென்டிமீட்டருக்கு மேல் வளரும். ஒரு மீனுக்கே 120 லிட்டருக்குக் குறையாத தொட்டி வேண்டும்.

ஏமாற்று எளிதாக நடப்பதற்குக் காரணமும் இந்த மீனின் வாழ்க்கை முறையிலேயே இருக்கிறது. குட்டிகள் உப்புக் குறைந்த நீரில் வளர்ந்து, பெரிதாகப் பெரிதாக உவர்நீரை நோக்கிப் போகின்றன. ஆகவே கடையின் நன்னீர்த் தொட்டியில் சில வாரங்கள், ஏன் சில மாதங்கள்கூட, அவை துறுதுறுவென்று நீந்தும். உடம்பின் எதிர்ப்பாற்றல் மெல்ல மெல்லக் குறைந்து நோய்வாய்ப்படும்போது அவை வாங்கியவர் வீட்டில் இருக்கும். பழியும் வாங்கியவர் மேல்தான் விழும்.

என் மேலும் விழுந்தது. செத்த மீன்களை ஐஸ் பெட்டியில் வைத்து எடுத்துக்கொண்டு கடைக்குப் போனபோது, ‘அண்ணா’ காணாமல் போய் ‘சார்’ வந்திருந்தது. “மின்வெட்டில் வடிகட்டி நின்றிருக்கும், மீன் செத்திருக்கும், அதற்கு நாங்கள் என்ன செய்ய முடியும்?” என்றார். அந்த ஆண்டு மின்வெட்டு எதற்கும் பொருந்தக்கூடிய சாக்கு என்பது இந்த நாட்டில் இருந்த எல்லாருக்கும் தெரியும். பேட்டரியில் ஓடும் காற்றுக் குழாயை முதல் நாளே வாங்கி மாட்டியிருந்ததையும், நோட்டில் எழுதியிருந்ததையும் காட்டினேன். உடனே பேச்சு மாறி, கல்லாவுக்கு மேலே தொங்கிய ‘விற்ற உயிரினங்கள் திரும்பப் பெறப்படமாட்டா’ என்ற பலகையைக் காட்டினார்.

அந்தப் பலகையைக் கண்டு நானும் முதலில் திரும்பி வந்துவிட்டேன். பிறகு, வழக்கறிஞர் அலுவலகத்தில் வேலை செய்யும் என் மைத்துனி சொல்லித்தான் 2008ஆம் ஆண்டின் 68ஆம் எண் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தைப் பார்த்தேன். பொருளின் தன்மையைப் பற்றிப் பொய்யாகவோ தவறான எண்ணம் ஏற்படும்படியோ சொல்லி விற்கக் கூடாது என்கிறது பிரிவு 41. குறையுள்ள பொருளை ஆறு மாதத்துக்குள் திருப்பிக் கொடுத்துப் பணம் கேட்கலாம் என்கிறது பிரிவு 56. சட்டம் தரும் உரிமையைப் பறிக்கும் நிபந்தனை செல்லாது என்கிறது பிரிவு 51. மூன்றையும் குறிப்பிட்டு, பற்றுச்சீட்டின் நகலையும், தொட்டியில் ஒட்டியிருந்த சீட்டோடு என் மகள் எடுத்துக்கொண்ட படத்தையும் இணைத்து, நுகர்வோர் பொருட்கள் மற்றும் சேவைகள் குறைதீர்ப்பாளரிடம் போகப்போவதாகக் கடைக்குக் கடிதம் எழுதினேன். அங்கே புகார் கொடுக்கக் கட்டணம் இல்லை. பதினொரு நாள் கழித்து மீன்களுக்கும் மருந்துக்கும் தீனிக்கும் உரிய தொகை வங்கிக்கு வந்தது. வருத்தம் தெரிவித்து ஒரு வரிகூட வரவில்லை. தொட்டிக்குரிய பணம் வரவில்லை, அதற்காக நான் மேலும் போராடவும் இல்லை. பற்றுச்சீட்டில் அவர்கள் ‘வெப்பமண்டல மீன்’ என்று மட்டும் அச்சிட்டிருந்தார்கள். மகளின் படம் இல்லாதிருந்தால் என் கையில் சான்றே இருந்திருக்காது. மீன் வாங்குபவர்கள் இனத்தின் அறிவியல் பெயரைப் பற்றுச்சீட்டிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். கடை எழுதத் தயங்கினால் உங்களுக்கு விடை அங்கேயே கிடைத்துவிடும்.

பிழைத்த மீனுக்காக 160 லிட்டர் பழைய தொட்டி ஒன்றை வாங்கி, இந்த முறை ஆறு வாரம் வெறும் நீரை ஓடவிட்டு, பாக்டீரியாவுக்குச் சிறிது சிறிதாக அம்மோனியா கொடுத்துத் தயார் செய்தேன். கடல் மீன்தொட்டிக்கென்று விற்கும் உப்பைத்தான் கலக்க வேண்டும். சமையல் உப்பு உதவாது. உப்புக்கேற்ப நீரின் அடர்த்தியைக் காட்டும் ஹைட்ரோமீட்டரில் வாரத்துக்கு 0.002க்கு மேல் ஏறாதபடி, ஒவ்வொரு நீர் மாற்றத்தின்போதும் கொஞ்சம் கொஞ்சமாக உயர்த்தி இப்போது 1.012இல் நிறுத்தியிருக்கிறேன். வயிறு மறுபடி வெளுத்துவிட்டது.

உணவுக்கு நத்தையும், ஓட்டோடு இறாலும், மட்டியும். இதில் நான் எதிர்பாராத சிக்கல் புரட்டாசியில் வந்தது. மாதம் பிறப்பதற்கு முன்பே குளிர்பெட்டியைக் கழுவி, சட்டி பானைகளை மாற்றி வைக்கும் வீட்டில், மீனுக்கு இறால் வெட்ட என் மாமியார் இடம் கொடுக்கவில்லை. கடைசியில் இறால் பொட்டலம் அடுத்த வீட்டு முஸ்லிம் குடும்பத்தின் குளிர்பெட்டிக்குக் குடிபெயர்ந்தது. நான் கொல்லைப்புறத்தில் தனிக் கத்தியால் வெட்டி, குளித்துவிட்டு உள்ளே வந்தேன். மீன் மட்டும் விரதம் இல்லாமல் கொழுத்தது.

போன மாதம் வேறு வேலையாக அந்த வளாகத்துக்குப் போனவன் கடையின் கண்ணாடி வழியாக எட்டிப் பார்த்தேன். அதே தொட்டியில் புதிதாக இருபது குட்டிகள் இருந்தன, முதுகில் வட்டவட்டமான கரும்புள்ளிகளோடு. சீட்டை மாற்றியிருந்தார்கள், ‘குள்ளம்’ என்ற சொல்லை எடுத்துவிட்டு, ‘நன்னீர்’ என்பதை அப்படியே விட்டிருந்தார்கள். விலை 240 ரேண்ட்.