புட் ஆஃபா, கால் ஆஃபா?

வியாசர்பாடியில் ஞாயிற்றுக்கிழமை கால்பந்து மேட்ச், மழை கொட்டுகிறது. அடுத்த வாரம் ஆடிக்கொள்ளலாம் என்றால் ஆங்கிலத்தில் புட் ஆஃப் (put off). மேட்ச்சே கிடையாது, கட்டிய என்ட்ரி ஃபீஸைத் திருப்பித் தருகிறோம் என்றால் கால் ஆஃப் (call off). பரீட்சைக்கு இவ்வளவு போதும். பேச்சுக்குப் போதாது.

கேன்சல் இருக்கும்போது கால் ஆஃப் எதற்கு? டிக்கெட்டையும் ஆர்டரையும் கேன்சல்தான் செய்ய முடியும், கால் ஆஃப் அங்கே ஒட்டாது. ஆனால் நடந்துகொண்டிருப்பதைப் பாதியில் நிறுத்த கால் ஆஃப்தான் சரி. காசிமேட்டிலிருந்து போய்க் காணாமல் போன படகைத் தேடுவதைக் கைவிட்டால், தேடல் 'கால்ட் ஆஃப்'. துறைமுகத் தொழிற்சங்கம் ஸ்ட்ரைக்கை வாபஸ் வாங்கினாலும் அதே சொல்தான். ஒத்திவைப்பு என்று அறிவித்தால் புட் ஆஃப். மிரட்டல் இன்னும் உயிரோடு இருக்கிறது. இதை மாற்றி மொழிபெயர்த்தால் நிர்வாகம் நிம்மதியாகத் தூங்கப் போய்விடும்!

புயல் கூண்டு ஏற்றியதால் இரண்டு நாள் கழித்துக் கடலுக்குப் போகலாம் என்று படகு நின்றால் புட் ஆஃப். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகுகள் நிற்பதற்கு இரண்டுமே பொருந்தாது. போகும் திட்டமே இல்லையே, எதைத் தள்ளிப்போடுவது?

போஸ்ட்போனும் புட் ஆஃபும் அகராதியில் ஒன்றுதான், வாடை வேறு. ஸ்டான்லி ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பல்லைக் காட்டாமல் நாளை, நாளை மறுநாள் என்று இழுப்பவரை 'கீப்ஸ் புட்டிங் இட் ஆஃப்' என்பார்கள். சாக்குச் சொல்லும் தொனி அதில் உண்டு. அதனால் மேனேஜருக்கு எழுதும் மெயிலில் போஸ்ட்போன்தான் என் சிபாரிசு.

இலக்கணம் சுருக்கமாக: 'இட்' நடுவில் வரும். புட் இட் ஆஃப், கால் இட் ஆஃப். புட் ஆஃபுக்குப் பின்னால் 'கோயிங்' வரும், 'டு கோ' வராது.

அப்புறம், புட் ஆஃபுக்கு வெறுக்க வைப்பது என்றும் ஒரு பொருள் உண்டு. குப்பைமேட்டு நாற்றத்தில் சாப்பாடு இறங்கவில்லையா? நாற்றம் உங்களை 'புட் ஆஃப்' செய்துவிட்டது. கால் ஆஃபுக்கு இந்த வேலை தெரியாது. ஆனால் பாய வரும் நாயை அதன் சொந்தக்காரர் அதட்டித் திரும்பக் கூப்பிடுவதும் கால் ஆஃப்தான். நம் தெருக்களில் அதைத்தான் முதலில் கற்றுக்கொள்ள வேண்டும்.