வெட்சூட் உரசல்: எண்ணெயா, ஜெல்லியா, லைக்ராவா?

களியக்காவிளை எல்லையைத் தாண்டிக் கேரளக் கோவளத்தில் ஸ்கூபா முக்குளிப்பு பழகப் போகும் நம் குமரிக்காரர்கள் பலரும் கழுத்தும் அக்குளும் சிவந்துபோய்த் திரும்புகிறார்கள். பழி உப்புத் தண்ணீர் மேல் விழுகிறது. உப்பு எரிச்சலைக் கூட்டும், அவ்வளவுதான். தோலைத் தேய்த்துப் புண்ணாக்குவது வெட்சூட் என்ற இறுக்கமான முக்குளிப்பு உடையின் நனைந்த நியோப்ரீன் (நுரை ரப்பர்) விளிம்பும் தையலும். இதற்கு ஆளாளுக்கு ஒரு வைத்தியம் சொல்கிறார்கள்.

தேங்காய் எண்ணெய்தான் முதல் சிபாரிசு. செலவில்லை, ஆனால் தண்ணீருக்குள் நெடுநேரம் தங்காது. முகத்தில் பட்டுவிட்டால் நீருக்குள் பார்க்கப் போடும் மாஸ்க் வழுக்கிக் கசியும். வாடகை உடையில் சிக்கு நாற்றம் ஏறும், அடுத்து அணிபவர் நம்மைத் திட்டுவார். பெட்ரோலியம் ஜெல்லி உரசலை நன்றாகவே தடுக்கிறது. ஆனால் அது ரப்பருக்குப் பகை. லேடெக்ஸ் பாகங்களை நாளடைவில் கெடுத்துவிடும், நியோப்ரீனிலிருந்து கழுவி எடுப்பதும் பாடு. பூசித்தான் ஆகவேண்டும் என்பவர்களுக்கு, ஓட்டக்காரர்கள் தொடையில் தடவிக்கொள்ளும் சிலிகான் குச்சி மேல். கழுத்து, அக்குள், முழங்கால் மடிப்பு ஆகிய இடங்களில் மட்டும் தடவினால் போதும். இரண்டாவது முறை இறங்கும் முன் மறுபடி தடவ வேண்டும்.

என் ஓட்டு லைக்ரா என்ற இழுபடும் துணிக்கு. உடம்பைப் பிடித்தாற்போன்ற முழுக்கை, உயர்ந்த கழுத்து, தட்டையான தையல் உள்ள மெல்லிய உள்ளுடை ஒன்று வாங்கிவிட்டால் தோலுக்கும் நியோப்ரீனுக்கும் நடுவே அது நின்றுவிடும். வெட்சூட்டை இழுத்து மாட்டுவதும் எளிது. வாடகை உடைக்குள் யார் யார் வியர்த்தார்கள், யார் சிறுநீர் கழித்தார்கள் என்று நினைத்துப் பார்க்கையில் அதன் அருமை இன்னும் புரியும். நம் கடல் பெரும்பாலும் 27 முதல் 30 டிகிரி வரை வெதுவெதுப்பாக இருப்பதால், குளிர் தாங்குபவர்கள் ஆழம் குறைந்த இடத்தில் லைக்ராவோடு மட்டுமே இறங்கிவிடலாம்.

அதற்கும் ஒரு குறை உண்டு. சொறிமீன் குஞ்சுகள் துணிக்குள் சிக்கினால் உடை மூடிய இடத்தில்தான் தடிப்பு வரும். அப்போது உடையோடு நல்ல தண்ணீரில் குளிக்கக்கூடாது. நன்னீர் பட்டதும் அவற்றின் கொட்டும் செல்கள் வெடிக்கும். உடையைக் கழற்றிய பிறகே குளிக்க வேண்டும்.

எதைத் தேர்ந்தாலும் அளவு தவறினால் பயனில்லை. தொளதொள உடை அதிகம் உரசும். கழுத்தை இறுக்கும் உடையோ தலைசுற்றலையே வரவழைக்கும். படகு ஏறுமுன் கரையிலேயே போட்டுப் பார்த்து, வேண்டுமானால் வேறு கேளுங்கள். சொந்த உடை வைத்திருப்பவர்கள் மென்மையான ஷாம்பூ போட்டு அலசி நிழலில் உலர்த்துங்கள். ஈரத்தோடு சுருட்டி வைத்த உடையில் பாக்டீரியா பெருகி, மயிர்க்கால்களில் கொப்புளம் கிளப்பும்.

இத்தனைக்கும் அடங்காத அரிப்பு சிலருக்கு உண்டு. உரசல் புண் உரசிய இடத்தோடு நிற்கும், சில நாட்களில் ஆறும். உடை தொட்ட இடமெல்லாம் ஓரிரு நாள் கழித்துத் தடித்து, ஒவ்வொரு முறையும் திரும்பி வந்தால் அது ஒவ்வாமையாக இருக்கலாம். நியோப்ரீன் தயாரிப்பில் சேரும் தயோயூரியா வகை ரசாயனங்கள் இதற்குக் காரணமாவதுண்டு. அங்கே எண்ணெயும் குச்சியும் உதவா, லைக்ராவும் ஓரளவுக்குத்தான். தோல் மருத்துவரிடம் பேட்ச் டெஸ்ட் (சந்தேகப் பொருளைத் தோலில் ஒட்டிப் பார்க்கும் சோதனை) செய்துகொள்ள வேண்டும். போகும்போது, சொந்த உடையானால் உள்மடிப்பிலிருந்து ஒரு சிறு துண்டை வெட்டி எடுத்துச் செல்லுங்கள்.